கடைசிப் பதினாறு பக்கம்

‘கொலைகாரன் வேறு யாருமல்ல, இதோ உங்கள் நடுவே நின்றுகொண்டிருக்கும் இந்த’ என்பதோடு பக்கம் முடிந்தது. ‘அரைப்புள்ளி’ என்று எல்லோரும் கூப்பிடும் அந்த நாவலாசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பின்னட்டையில் அவரே, தலைமுடி இருந்த காலத்துப் படத்தில், கன்னத்தில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பரணிலிருந்து இன்னொரு பிரதியை இறக்கினார். அதிலும் ‘இந்த’வுக்கு அப்புறம் அவர் சிரிப்புதான். கட்டைப் பிரித்து எல்லாவற்றையும் பார்த்தார். ‘நனைந்த சாவி’யில் ஒரு பிரதியில்கூடக் கொலைகாரன் பிடிபடவில்லை.

தண்ணீர் மீட்டர் சோதனை அலுவலகத்தில் கடிதப் பிரிவைக் கவனிப்பவர் அவர். அவருடைய கடிதங்களில் முற்றுப்புள்ளி கடைசிப் பக்கத்தில்தான் வரும், அதுவரை அரைப்புள்ளிதான். அப்படி வந்த பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. பல வருடம் யோசித்து ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். பதிப்பகங்கள் பதிலே போடாததால் தானே அச்சிடுவது என்று முடிவு செய்தார். தாள் தேர்வு, அட்டைப்படம், பிழை திருத்தம், விநியோகம் என்று எல்லாம் அவரே. முன்னுரையில் இப்படியும் எழுதினார்: ‘ஒவ்வொரு பக்கத்தையும் நானே மேற்பார்வையிட்டிருக்கிறேன்; இதில் ஒரு குறையை யாரேனும் காட்டிவிட்டால்; அன்றே பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்; மறுபடி தொடமாட்டேன்.’

யோசித்துப் பார்த்ததில் தவறு எங்கே நடந்தது என்று புரிந்துவிட்டது. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக அடித்து, மடித்து, வரிசையாக அடுக்கித்தான் தைப்பார்கள். கொலைகாரன் யாரென்று அச்சகத்தில் எவராவது உளறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கடைசிப் பதினாறு பக்கத்தை மட்டும் ஒட்டிய உறையில் வைத்து அச்சக முதலாளி கையில் கொடுத்தவர் அவர்தான். ஆளில்லாத நேரத்தில் அடித்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னதும் அவர்தான். பூட்டியது பூட்டியபடியே இருந்திருக்கிறது. மற்றதை எல்லாம் தைத்து அட்டை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

மனைவியிடம் சொன்னார். அவள் கொஞ்சமும் பதறவில்லை.

“நேரா அச்சகத்துக்குப் போங்க. அந்தப் பக்கத்த வாங்கி எல்லாருக்கும் கொடுத்துட்டா வேலை முடிஞ்சது.”

“புத்தகம் வெளிவந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கொலைகாரன் யாருன்னு ஒருத்தர்கூட ஏன் கேக்கல?”

“அதெல்லாம் எதுக்கு இப்போ? முதல்ல அச்சகத்துக்குப் போங்கன்னு சொல்றேன்ல.”

ஆனால் அந்தக் கேள்வி அவரை அரிக்க ஆரம்பித்துவிட்டது. சொந்தம், அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று அத்தனை பேர் கையிலும் புத்தகம் இருக்கிறது. எல்லோரும் பிரமாதம் என்றார்கள். கதை அந்தரத்தில் நிற்பதை ஒருவரும் சொல்லவில்லை. அப்படியானால் யாராவது கடைசிவரை படித்தார்களா? ஒரே ஒருவராவது? அச்சகம் எங்கே போய்விடும், முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கிளம்பினார்.

முதலில் மைத்துனன். அத்தானுக்குக் குடியிருப்புக் கூடத்தில் பாராட்டுக் கூட்டம் நடத்தியே தீருவேன் என்று நாற்காலிக்கெல்லாம் சொல்லிவைத்திருப்பவன். பேச்சை வானிலையில் தொடங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கதையின் முடிவு எப்படி என்று கேட்டார் அரைப்புள்ளி.

“முடிவா? அத்தான், சத்தியமா எதிர்பார்க்கல. அசந்துட்டேன்.”

“அப்படியா. யாரு கொலைகாரன்?”

மைத்துனன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “உங்க தங்கச்சி இப்பத்தான் பாதி படிச்சிருக்கா. நான் வாயத் திறந்தா என்னைச் சும்மா விடமாட்டா.”

மைத்துனன் மனைவியைத் தங்கை என்று அவர் கொண்டாடுவது உண்மைதான். ஆனால் அவள் அப்போது வீட்டிலேயே இல்லை. கீழே செருப்பைக் காணாததை ஏறும்போதே பார்த்திருந்தார். சரி, புத்தகத்தையாவது எடு, பார்ப்போம் என்றார். யாரோ இரவல் வாங்கிப் போயிருப்பதாகச் சொல்லிக்கொண்டே, சோபா மெத்தைக்கு அடியில் எதையோ தள்ளி அதன்மேல் உட்கார்ந்தான். பிரிக்காத புத்தகமாகத்தான் இருக்கும் என்று அரைப்புள்ளி கணக்குப் போட்டார்.

அடுத்து, அதே குடியிருப்பில் இருக்கும் பல் டாக்டர். வலிக்காத பல்லை வலிக்கிறது என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார். கேள்வியை நாக்கு நுனியில் வைத்திருந்தவரின் வாய்க்குள் டாக்டர் கண்ணாடியையும் கொக்கியையும் விட்டுவிட்டு, தானாகவே ஆரம்பித்தார்.

“உங்க நாவல் முடிச்சுட்டேன் சார். லாண்டரிக்காரர் மேல எனக்குக் கடைசி வரைக்கும் சந்தேகமே வரல. வாய மூடாதீங்க.”

அரைப்புள்ளி மூடவில்லை. மூட முடியாத அளவுக்கு வாய் பிளந்திருந்தது. கொலைகாரன் லாண்டரிக்காரர்தான். இது எப்படி? படிகளில் இறங்கும்போது விடை கிடைத்தது. கதையில் சந்தேகத்துக்குரியவர்களே மூன்று பேர்: லாட்ஜ் மேலாளர், சமையல்காரர், லாண்டரிக்காரர். குருட்டாம்போக்கில் ஒன்றைத் தட்டிவிட்டிருக்கிறார். சந்தேகமே வரவில்லையாம், பக்கமே புரட்டாதவருக்கு எப்படி வரும்? வெறும் ஊகத்துக்கு ஒரு நல்ல பல்லையும் சுரண்டக் கொடுத்ததுதான் மிச்சம்.

அலுவலகத்தில் கண்காணிப்பாளரிடம் கேட்டார். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, முடிவைப் படித்த அன்று தூங்கவே முடியவில்லை என்றார். அலுவலகத்தில் அவர் தூங்குவதை அரைப்புள்ளி தினமும் பார்ப்பவர். அதையும் சொல்லிவிட்டார். கண்காணிப்பாளர் முகம் சுருங்கிப்போய்க் கோப்புக்குள் இறங்கிவிட்டார்.

அன்று மாலை அரைப்புள்ளி தனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தார். புத்தகம் பெற்ற அத்தனை பேருக்கும் ஒரே கடிதத்தைக் கைபேசியில் தட்டினார். ‘படிக்காத நூலைப் படித்ததாகப் புகழ்ந்த தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி; தங்கள் வசமுள்ள பிரதியை உடனே திருப்பித் தரவும்; பாராட்டுக் கூட்டம் இதன்மூலம் ரத்தாகிறது.’ இதில் ஒரு முற்றுப்புள்ளிகூட இருந்தது. அந்த அளவுக்குக் கோபம்.

மனைவி எட்டிப் பார்ப்பதற்குள் அனுப்பிவிட்டார்.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? அச்சகத்துக்குத்தானே போகச் சொன்னேன்?”

“உன் தம்பி பக்கம் பேசாத. நீ படிச்சியா, அதச் சொல்லு.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. காபி மேசைமேல் தானாக வந்து உட்கார்ந்தது. ஆறுவதற்குள் குடிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

மைத்துனனிடமிருந்து ‘சரி அத்தான்’ என்று இரண்டு சொல் வந்தது. நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். அலுவலகத்தில் அவர் மேசைப் பக்கம் யாரும் வருவதில்லை. பல் டாக்டர் மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினார். இதில் வேடிக்கை, ஒருவரும் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. இருந்தால்தானே தருவார்கள், எல்லாம் பழைய பேப்பர்க் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தார்.

லாண்டரிக்காரரைக் கண்டுபிடிக்க எத்தனை விடியற்காலை எழுந்திருப்பார். ஈரச் சட்டைப்பைக்குள் சாவி எப்படிப் போயிற்று என்பதற்காக மட்டும் பத்து சட்டைகளை நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார். அவ்வளவும் ஒரு மனிதரின் கண்ணில்கூடப் படவில்லை. இனி எழுதப்போவதில்லை என்று பேனாவை மூடி அலமாரியில் வைத்தார். யாரும் குறை காட்டாமலே சபதம் நிறைவேறிவிட்டது.

ஆனாலும் அரைகுறையாக ஒரு வேலையை விட்டுவைப்பது அவர் சுபாவத்தில் இல்லை. பரணில் கிடக்கும் பிரதிகளிலாவது கொலைகாரன் பிடிபடட்டும் என்று, கடைசியில் அச்சகத்துக்குப் போனார்.

முதலாளி வெளியே போயிருந்தார். முன்மேசையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மணி பசை வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பில் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். அரைப்புள்ளி தயங்கித் தயங்கி, ‘நனைந்த சாவி’ என்று ஒரு புத்தகம், அதன் கடைசிப் பதினாறு பக்கம், என்று இழுத்தார்.

அவரை முடிக்கவே விடவில்லை. அந்த அம்மாள் எழுந்து பீரோவைத் திறந்தார். அதில் பூட்டு இல்லை. உள்ளே மடித்து வைத்த தாள்கள் ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் கரைந்து தட்டு தெரியும்படியும் கிடந்தன. கரைந்த பக்கத்தை அரைப்புள்ளி புரியாமல் பார்த்தார். இத்தனையும் எங்கே போயிருக்கும்?

அந்த அம்மாள் ஒரு மடிப்பை எடுத்து, தூசி தட்டி, அவர் கையில் வைத்தார்.

“எல்லாரும் புத்தகத்துல எங்க விலாசத்தப் பாத்துத் தேடி வந்து வாங்கிட்டுப் போறாங்க சார், ஆனா எழுதினவர் காதுல மட்டும் இதப் போட்டுடாதீங்க, குறைன்னு தெரிஞ்சா மனுஷன் எழுதறதையே விட்டுடுவாராம், அவரோட மச்சினர்லேர்ந்து பல் டாக்டர் வரைக்கும் ஒவ்வொருத்தரும் அதச் சொல்லிட்டுத்தான் போனாங்க.”