சாம்பிள் அதிரசம்

காந்தலூரில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று எங்கள் வாசலில் நின்று சத்தியம் செய்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினேன். தெருவே கேட்டது. பக்கத்து வீட்டு சிலுவைராஜ் சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு கன்னத்து நுரையோடு வெளியே வந்து பார்த்தான். பார்க்கட்டும். வண்டன்மேட்டில் இந்தச் சோலை ஒரு வார்த்தை சொன்னால் அதற்குச் சாட்சி வேண்டும்.

விஷயம் இதுதான். என் மகள் மாரீஸ்வரிக்கு ஒரு மாப்பிள்ளை. நான் பார்த்த மாப்பிள்ளை இல்லை. அவளே பார்த்த மாப்பிள்ளை. மூணாறு காலேஜில் கூடப் படித்தவனாம். பெயர் ராஜசேகர். தொழிலைச் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். வெள்ளைப்பூண்டு. காந்தலூரில் அப்பனும் மகனும் பூண்டு விவசாயம்.

நான் ஏலக்காய் வியாபாரி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் துரத்திவிட்டது. மீதிப் பாடத்தை இந்த மலை அடித்துச் சொல்லிக் கொடுத்தது. கம்பத்திலிருந்து மூட்டை சுமந்து ஏறி வந்தவன், இன்றைக்கு ஏலத்தில் உட்கார்ந்து விலை கேட்கிற பட்டனில் விரலை வைத்தால் மற்றவன் விரலை எடுத்துவிடுவான். ஒரு காயைப் பிளந்து மூக்கில் வைத்தேன் என்றால் எந்தப் பக்கத்துத் தோட்டம், பழைய காயா புதுக்காயா, எத்தனையாம் தரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதே நேரம், நல்ல காயை வீட்டுச் சமையலுக்குக் கொடுக்கிற கிறுக்கனும் நான் இல்லை. குடோனில் கழித்துப்போட்ட வெடிப்புக் காய்தான் என் வீட்டுப் பாயசத்துக்கு. அப்படிச் சேர்த்து ஆளாக்கிய பெண் பூண்டு உரிக்கப் போவதா?

என் சம்சாரம் வேலுத்தாய் மகள் கட்சி. இரண்டு பேரும் ஒரு மாதமாக என் காதைத் தின்றார்கள்.

"ஏங்க, நேர்ல ஒரு தடவை பாத்துட்டுத்தான் வாங்களேன்."

"பூண்டை எங்கிருந்து பாத்தாலும் பூண்டுதான்டி."

"பையனைப் பாக்கச் சொன்னேன்."

"அவனும் அதே வாசந்தான் அடிப்பான்."

"சரி, சத்தம் போடாதீங்க. ஒரு பேச்சு பேசிக்குவோம். போவோம். பிடிக்கலையா, கை நனைக்காம எந்திரிச்சு வந்துருங்க. அப்புறம் நானும் வாயைத் திறக்க மாட்டேன், மாரியும் திறக்க மாட்டா."

"நனைச்சா?"

"நனைச்சா தாலிக்குப் பொன்னுருக்க நாள் பாப்போம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்மதம் இல்லாத வீட்டில் சம்பந்தம் பேசப் போனால் ஒரு பலகாரத்தையும் தொடக் கூடாது. தொட்டால் முடிந்தது. அந்த வீட்டில் கை நனைத்தவன் பெண்ணைக் கொடுத்தவன். பிறகு மாற்றிப் பேசினால் சொந்தபந்தம் முகத்தில் காறித் துப்பும்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எவ்வளவு பெரிய தோல்வியைத் தானே வந்து தட்டில் வைக்கிறாள்! சாப்பிடாமல் இருப்பதில் என்னை ஜெயிக்க இடுக்கி ஜில்லாவில் ஆள் கிடையாது. போன வருஷம் கோயம்புத்தூரில் எனக்கு எடை குறைக்கிற ஆபரேஷன் ஆனது. அதற்கு முன்னால் நான் ஏறினால் ஜீப்பே ஒரு பக்கம் சாய்ந்து சலாம் போடும். டாக்டர் வயிற்றைக் கோழிமுட்டை அளவுக்குக் குறுக்கி, குடலைத் திருப்பி விட்டுத் தைத்துவிட்டார். இப்போது ஒரு இட்லியை உடைத்து முடிப்பதற்குள் எனக்குப் பந்தி முடிந்துவிடும். ஊரில் எல்லோரும் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்குகிறார்கள். நான் காசு கொடுத்துப் பட்டினி வாங்கியவன்.

அந்தக் கத்திக்கு அகப்படாதது ஒன்றே ஒன்றுதான். நாக்கு.

அது இனிப்பு இனிப்பு என்று அடித்துக்கொள்ளும். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனிப்பு உள்ளே போனால் அது நேராகக் குடலில் போய்க் கொட்டுமாம், உடனே வேர்க்குமாம், நெஞ்சு படபடக்குமாம். இவருக்கு என்ன தெரியும், படித்த படிப்பு அப்படி, என்று நான் கிறிஸ்துமஸ் அன்று சிலுவைராஜ் வீட்டில் ஒரு துண்டு கேக்கை யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் வீட்டுக் குடிலுக்குப் பக்கத்தில், பொம்மை மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே நானும் மல்லாந்து கிடந்தேன். சிலுவைராஜ் ஆம்புலன்சுக்கு ஓடினான். வேலுத்தாய் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லண்ணே, கேக்குதான். அரைமணி நேரத்துல எந்திரிச்சிருவாரு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பின் எங்கள் தெருவில் எனக்கு ஒரு மிட்டாய் கொடுக்கக்கூட ஆள் இல்லை. சிலுவைராஜ் என்னைக் கண்டால் சர்க்கரை டப்பாவை எடுத்து ஒளித்து வைக்கிறான், துரோகி.

ஆக, சத்தியம் செய்துவிட்டுப் புறப்பட்டோம். வேலுத்தாய் மடியில் ஒரு துணிப்பை.

"என்னடி அது?"

"மாத்துச் சேலைங்க. வழியில எனக்குக் குமட்டும்ல?"

என் ஜீப்பில் குமட்டுகிறதாம். ஏலக்காய் மூட்டை ஏற்றி ஏற்றி சீட்டு, கால்மிதி, ஸ்டியரிங் எல்லாம் மணக்கும் ஜீப்பு. பெண்களிடம் என்ன பேச்சு?

மறையூர் தாண்டும்போது ரோட்டோரக் கொட்டகைகளில் வெல்லத்துக்குக் கரும்புப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வேலுத்தாய் கண்ணாடியை இறக்கினாள். கொதிக்கிற வெல்லப் பாகின் வாசம் உள்ளே வந்து என் மடியிலேயே உட்கார்ந்துகொண்டது.

"கண்ணாடியை ஏத்துடி!"

"காத்து வரட்டும்ங்க. எனக்குக் குமட்டுது."

காந்தலூர் ஏறும் வரை அவளுக்குக் குமட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகசாமி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மச்சான், வாங்க தங்கச்சி!"

"மச்சான் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். "எந்த வழியில நான் உங்களுக்கு மச்சான்?"

"போற வழியிலதான் மச்சான். வாங்க."

சிரிக்கிறார்! வீட்டுக்குள் நுழைந்ததும் மேலே பார்த்தேன். பரண் முழுக்கப் பூண்டு. முடிச்சு முடிச்சாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடுப்புப் புகையில் காய வைக்கிறார்களாம். பெரிய கண்டுபிடிப்பு. பூண்டுக்குத் தூக்குத் தண்டனை கொடுத்த மாதிரி இருந்தது. பையன் ராஜசேகர் வந்து கும்பிட்டான். நல்ல உயரம். அதில் குறை சொல்ல வழியில்லாததால் மீசையில் குறை கண்டுபிடித்தேன்.

வேலுத்தாய் முகம் கழுவத் துணிப்பையோடு உள்ளே போய்விட்டு வந்தாள். தட்டு வந்தது. வாழைப்பழம், மிச்சர், காராபூந்தி, டீ. கூடவே மாப்பிள்ளையின் அம்மா ஒரு மூடிய தூக்குவாளியையும் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"எடுத்துக்குங்க மச்சான்."

"பேச்சு முடியட்டும்."

"ஒரு வாய் டீயாவது."

"முடியட்டும்னு சொன்னேன்."

வேலுத்தாயும் தட்டைத் தொடவில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், அதில் அவளைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் எழுந்தாள்.

"அண்ணே, உங்க தோட்டத்தைக் காட்டுங்களேன். வெளைஞ்ச பூண்டை நான் செடியில பாத்ததே இல்ல."

"ஓ, எல்லாருமே போவோம். மச்சானும் வாங்க."

"பூண்டைப் பாக்கவா? என் கண்ணு எதுக்கு எரியணும்?" என்றேன்.

"அவரு இருக்கட்டும்ணே. கால் வலிக்கும்" என்றாள் வேலுத்தாய். பிறகு உள்ளே பார்த்து, மாப்பிள்ளையின் அம்மாவிடம் சத்தமாகச் சொன்னாள். "மதினி, அந்தத் தூக்குவாளி மேசையிலயே இருக்கட்டும். ஒண்ணும் பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு இனிப்புன்னா வேப்பங்காய். திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு."

போய்விட்டார்கள். எல்லோரும். வீட்டில் நான், பரணில் பூண்டு, மேசையில் தூக்குவாளி.

அப்போதுதான் வந்தது அந்த வாசம்.

பூண்டு நாற்றத்தை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஒரு ஏலக்காய் வாசம். தூக்குவாளியின் மூடி இடுக்கிலிருந்து. எனக்குத் திடுக்கென்றது. பூண்டு வீட்டில் இப்படி ஒரு காயா? எந்தத் தோட்டம்? எவன் இவர்களுக்கு விற்றான்? வண்டன்மேட்டு ஏலத்தில் என் கண்ணில் படாமல் இப்படி ஒரு சரக்கு எப்படி மலை இறங்கியது? இது இனிப்பைப் பற்றிய கேள்வி இல்லை. தொழில்.

மூடியைத் திறந்தேன். உள்ளே சின்னச் சின்ன வட்டம். அதிரசம். மறையூர் வெல்லத்தின் நிறம். ஓரத்தில் நெய் மினுமினுப்பு. நடுவில் கறுப்புப் புள்ளியாக ஏலக்காய் விதை.

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். ஏலத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் முன்னால் சாம்பிள் வைப்பார்கள். காயைப் பிளப்போம், முகர்வோம், நாக்கில் வைப்போம், துப்புவோம். அதனால் சரக்கு வாங்கியதாக ஆகிவிடுமா? பட்டனை அமுக்கினால்தான் வாங்கியது. சாம்பிள் என்பது சாம்பிள். கை நனைப்பது வேறு, சாம்பிள் பார்ப்பது வேறு. இது ஏலம் தெரிந்த எவனுக்கும் தெரியும்.

ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து நாக்கில் வைத்தேன். துப்ப அந்த அறையில் தோதான இடம் இல்லை. விழுங்கினேன். முதல் தரம்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கேக்குக்குப் பிறகு முதல் தடவையாக நாக்கு என்னைப் பார்த்து "சோலை, உயிரோடதான் இருக்கியாடா?" என்று கேட்டது. ஒரே ஒரு சாம்பிளை வைத்து எந்த நல்ல வியாபாரியும் முடிவுக்கு வர மாட்டான். இரண்டாவதை எடுத்தேன். மூன்றாவதில் பாதி இருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். மீதியைத் தூக்குவாளியில் போட்டு மூடி, வேட்டி முனையால் வாயைத் துடைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முகத்தில் பழைய கடுகடுப்பு.

"பேசலாமா மச்சான்?" என்றார் ஆறுமுகசாமி.

"பேசலாம். பச்சையாவே பேசுறேன். பையன் இந்தப் பூண்டை எல்லாம் விட்டுட்டு வண்டன்மேட்டுக்கு வந்து என் குடோன்ல..."

"அது எப்படி மச்சான், ஒத்தைப் பையன்..."

"அப்ப பேச்சு இல்ல! என் பொண்ணை நான்..."

'நான்' என்பதோடு நின்றுவிட்டேன். முதுகில் ஒரு அருவி இறங்கியது. அடுத்து நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டு இடித்தான். பரண் சுற்றியது. பூண்டு எல்லாம் தலைகீழாக ஆடியது. நாற்காலியிலிருந்து நான் சரிவதற்குள் அந்தப் பையன் ராஜசேகர் தாவி வந்து என்னைத் தாங்கிக் கட்டிலில் போட்டான்.

"ஐயோ, மச்சானுக்கு நெஞ்சுவலி! ஜீப்பை எடுறா!"

வேலுத்தாய் நிதானமாக வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். முந்தானையால் விசிறினாள்.

"ஏங்க, என்ன செய்யுது?"

"வேர்க்குது."

"ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"நானா? இந்த வீட்லயா? சத்தியம் பண்ணிட்டு வந்தவன்டி நான்."

"அப்ப ஹார்ட்டுதான்." எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "வெறும் வயித்துல இப்படி வேர்த்தா ஹார்ட்டாத்தான் இருக்கும். தம்பி, ஜீப்பை எடுங்க. நேரா கோயம்புத்தூருதான். போன தடவை மாதிரியே வாய் வழியா கேமரா விட்டு வயித்துக்குள்ள பாக்கச் சொல்லுவோம்."

கேமரா! அந்தக் கறுப்புப் பாம்பு. ஒரு தரம் விழுங்கியவனுக்குத்தான் தெரியும். இரண்டு பேர் என் கால் பக்கம் வந்து தூக்கக் குனிந்தார்கள்.

"நில்லுங்கடா!" என்றேன். "ஹார்ட்டு இல்ல."

"பின்ன?"

"அதிரசம்."

தூக்கக் குனிந்த இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"அதிரசமா? கை நனைச்சுட்டீங்களா?" என்றாள் வேலுத்தாய். அந்த ஆச்சரியத்துக்கு ஒரு பரிசே கொடுக்கலாம்.

"நனைக்கல! சாம்பிள் பாத்தேன். சாம்பிள் பாத்தா வாங்குனதா அர்த்தமாடி? ஏலத்துல..."

மாப்பிள்ளையின் அம்மா தூக்குவாளியைத் திறந்து என் பல் பதிந்த பாதி அதிரசத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

"சாம்பிள் பாத்துத் துப்பியிருந்தா சாம்பிள்ங்க" என்றாள் வேலுத்தாய். "இது பட்டனை அமுக்குனது."

குலவைச் சத்தம் கிளம்பியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எப்போது வந்து கூடினார்களோ தெரியாது. ஆறுமுகசாமி கண் கலங்கி என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி!" என்றார். நான் மல்லாந்து கிடந்தபடியே என் பெண்ணைக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் மறையூர் வந்தது. வேலுத்தாய் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள். இப்போது குமட்டவில்லை போலிருக்கிறது. மடியில் அதே துணிப்பை, உள்ளே ஏதோ டங் டங் என்று தட்டியது. தோற்றாலும் தொழில்காரன் தொழில்காரன்தானே? கேட்டே விட்டேன்.

"ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன்டி. பூண்டுக்காரனா இருந்தாலும் காய் வாங்கத் தெரிஞ்சவன். அதிரசத்துல போட்டிருந்தது அசல் முதல் தரம். எவன்கிட்ட வாங்குறாங்கன்னு மாரியை விட்டுக் கேக்கச் சொல்லு."

"எதுக்குக் கேக்கணும்? சுட்டது நாந்தான். சிலுவைராஜ் அண்ணன் வீட்டு அடுப்புல. உங்களுக்கு ஆகாதேன்னு சின்னச் சின்னதாத்தான் தட்டினேன். ஒண்ணோட நிறுத்துவீங்கன்னு பாத்தா ரெண்டரை."

ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. துணிப்பைக்குள் காலித் தூக்குவாளி டங்கென்றது.

"அப்ப அந்த ஏலக்காய்?"

"நீங்க குடோன்ல கழிச்சுப் போடுவீங்கள்ல, வெடிப்புக் காய்? அதுதான்."