பெட்டிகளை முந்திய சைக்கிள்கள்

மதிப்பிற்குரிய ஒர்தான்ஸ் அத்தைக்கு,

வண்டி வாகனமே இல்லாத சைக்கிள் பயணம் என்று நீங்கள் விளம்பரம் செய்து விற்பது பொய். வாகனம் இருக்கிறது. அதை நான்தான் ஓட்டுகிறேன். நிற்க. நீங்களும் மாமாவும் வாத்துகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும். இங்கே எனக்கு மூக்கு நுனி வெயிலில் உரிந்திருப்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

வியாழக்கிழமை போனில் என்னை வேலையைவிட்டு நீக்கினீர்கள். "காசு குடுத்து சைக்கிள் ஓட்ட வந்தவங்கள சரக்கு மாதிரி ஏத்திட்டுப் போய் இறக்கியிருக்க. இனிமே வராத. ஷெட்டுக்கு மேல இருக்கற ரூமையும் காலி பண்ணு" என்றீர்கள். நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். வேலை போனால் அறை போகும். அறை போனால் தொன்னேரில் எனக்குத் தலைசாய்க்க வேறு இடம் கிடையாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு வேலையைத் திருப்பித் தாருங்கள்.

நம் வாடிக்கையாளர்கள் காலையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாகக் கால்வாய்க் கரைப்பாதையில் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். காற்று, பறவை, பாப்ளார் மர நிழல். மாலையில் அடுத்த ஊர் விடுதிக்குப் போனால் அவர்களுடைய பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும். அது தானாக முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நான் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வந்திருப்பேன். அவர்கள் விட்டுவிட்டு வந்த சத்தம், புகை, வசவு எல்லாம் என் பங்கு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டாம். லியோன் நகரத்துப் பல் டாக்டர் தெல்மாஸின் பெட்டியில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. கால்வாய்க் கரையில் யாருக்கு மடிப்புக் கலையாத சட்டை வேண்டும், வாத்துக்கா?

அன்றைக்கு லெஸின் பாலத்துக்குப் பக்கத்தில் வேன் படுத்துவிட்டது. உங்களைக் கூப்பிட்டேன்.

"கிளட்ச் போயிடுச்சு அத்தை."

"எப்படியாவது கொண்டு போய்ச் சேரு. எனக்குக் கதை வேணாம்."

இந்த 'எப்படியாவது' உங்கள் வாயிலிருந்து வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலத்துக்குக் கீழே நம் ஃபிர்மான் விறகு ஏற்றிய படகோடு வந்துகொண்டிருந்தார். படகு ஆன்ஸிக்குப் போகிறது, பெட்டிகளும் ஆன்ஸிக்குப் போகின்றன. "பெட்டிங்கதான? ஏத்து. விறகு சண்டைக்கு வராது" என்றார். ஏற்றினேன். இதில் என்ன குற்றம்? ஒன்றே ஒன்றுதான். படகு நடந்து போகிறவனைவிடச் சற்றே மெதுவாகப் போகும் என்பதும், படகை ஏற்றி இறக்கும் மதகுகள் சாப்பாட்டுக்காகப் பகல் பன்னிரண்டுக்கு மூடிவிடும் என்பதும் கால்வாய்க் கரையிலேயே பிறந்த எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

முதல் மதகை நாங்கள் எட்டியபோது மதகு பார்க்கும் யோலாந்த் சாப்பாட்டு மேஜையை மரத்தடியில் போட்டுவிட்டாள்.

"யோலாந்த் அக்கா, கதவ மட்டும் திறந்து விடுங்க. பெட்டிங்க லேட்டாயிடும்."

"பெட்டி பசிக்குதுன்னு சொல்லிச்சா?"

"இல்ல."

"எனக்குப் பசிக்குது. உக்காரு. தக்காளி நறுக்கு."

நறுக்கினேன். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தியை எழுப்பி வேலை வாங்கும் அளவுக்கு நம் குடும்பம் என்னைக் கெடுத்து வளர்க்கவில்லை. தக்காளி, ரொட்டி, வீச்சமடிக்கும் அந்த எப்புவாஸ் சீஸ், இரண்டு டம்ளர் வெள்ளை ஒயின். பிறகு யோலாந்த் கைப்பிடியைச் சுற்றினாள், தண்ணீர் படகைத் தூக்கியது, எங்களையும் பெட்டிகளையும் ஒரு வார்த்தை பேசாமல் மேலே கொண்டுபோய் வைத்தது. நான் பெட்டிகளின் மேல் சாய்ந்தேன். இலைகள் எனக்கு மேலே பின்பக்கமாக நகர்ந்தன. கரையில் ஒரு நாரை நின்றது, நாங்கள் அதைக் கடந்து போக அவ்வளவு நேரம் பிடித்ததில் அது எங்களை மறந்தே போயிருக்கும். இஞ்சின் சத்தம் யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. தூங்கிவிட்டேன், அத்தை. ஒப்புக்கொள்கிறேன்.

சைக்கிள் மணிச் சத்தத்தில் விழித்தேன். நம் வாடிக்கையாளர்கள் தங்கள் பெட்டிகளை முந்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், அது என் பெட்டி!" என்று கரையிலிருந்து கத்தினார் தெல்மாஸ்.

"ஊர்ல உங்களுக்கு மட்டும்தான் பெட்டி இருக்கா?" என்றார் அவர் மனைவி, பின்னாலிருந்து.

"பச்சை ரிப்பன் கட்டினதே நான்தான். ஏம்மா, என் பெட்டி மேல ஏன் படுத்திருக்க?"

"மெதுவாப் போங்க டாக்டர்," என்றார் ஃபிர்மான். "உங்க வேகத்துக்குப் பெட்டிக்கு மூச்சு வாங்குது."

டாக்டர் பெட்டியைப் பார்வையிலிருந்து விடாமல், படகின் வேகத்துக்குச் சைக்கிளை மிதித்தார். அந்த வேகத்தில் சைக்கிள் நிற்காது. பாதை லேசாக வளைந்தது, அவர் வளையவில்லை. வாயைத் திறந்தபடியே கால்வாய்க்குள் போனார். ஃபிர்மான் படகுக் கொக்கியைச் சட்டைக் காலரில் மாட்டி இழுத்துப் போட்டார், பிறகு சைக்கிளையும். "பெட்டி பக்கத்துலயே இருந்தது நல்லதாப் போச்சு" என்று கரையிலிருந்து தெல்மாஸ் அம்மாள் சொன்னார். பெட்டியைத் திறந்த டாக்டரின் கைக்கு முதலில் கிடைத்தது கோடு போட்ட பைஜாமா. அதை மாட்டிக்கொண்டு ஃபிர்மான் கொடுத்த ஒயினோடு டாக்டர் விறகின் மேல் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அவர் முகம் மாறியது. கோபப்பட மறந்துபோன முகம். அதைப் பார்த்த மற்றவர்களும் அடுத்த மதகில் வரிசையாக ஏறிக்கொண்டார்கள். நான் யாரையும் இழுத்து ஏற்றவில்லை. தெல்மாஸ் அம்மாள் மட்டும் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல இடமில்லையே. யாராவது ஓட்டிட்டு வரணும்" என்றார். ஊழியர் என்ற முறையில் என்னால் மறுக்க முடியவில்லை.

அத்தை, அந்தப் பாதையில் நான் அதுவரை சைக்கிள் ஓட்டியதே இல்லை. கோடை முழுக்க வேன், குளிர்காலம் முழுக்க உங்கள் ஷெட்டில் செயினுக்கு எண்ணெய். சாலையிலிருந்து பார்த்தால் நம் ஊர்களுக்கு முகம்தான் தெரியும், பெட்ரோல் பங்க், விலைப்பலகை, சிவப்பு விளக்கு. கால்வாயிலிருந்து முதுகு தெரிகிறது. அவரைப் பந்தல், கொடியில் காயும் உள்பாவாடை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சவரம் செய்யும் மனிதன். பிடியை விட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனேன். தண்ணீருக்குள் இன்னொருத்தி தலைகீழாக, அவளும் கையை விரித்துக்கொண்டு கூடவே வந்தாள். மிதிக்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. இந்தக் கரைப்பாதை எதற்காகப் போட்டது என்று உங்கள் விளம்பரத்தில் இல்லை. குதிரை வாங்க முடியாத படகுக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு தோளில் வார் மாட்டிப் படகை இழுத்துப் போன பாதை அது. அவர்களும் இதே நாரையைப் பார்த்திருப்பார்கள், நின்று பார்க்கத்தான் யாரும் விட்டிருக்க மாட்டார்கள். என்னையும் நீங்கள் விட்டதில்லை.

படகுக்கு வெகுநேரம் முன்பே ஆன்ஸி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். விடுதிக்காரர் ஓடிவந்து, "வாங்க மேடம், களைச்சுப் போயிருப்பீங்க" என்று குளிர்ந்த எலுமிச்சைச் சாறு நீட்டினார். தொப்பியைக் கழற்றினேன். "அட நீயா! பெட்டி எங்க? பின்வாசல் வழியா வா" என்று டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பாதி குடித்திருந்தேன். இருட்டும் நேரத்தில் படகு வந்தது. விறகின் மேல் உங்கள் வாடிக்கையாளர்கள், நடுவில் பைஜாமாவில் பல் டாக்டர், ஆளாளுக்கு ஒரு ராகத்தில் பாட்டு. விடுதிக்காரர் உங்களுக்குப் போன் செய்தார். மீதி உங்களுக்குத் தெரியும்.

யாரும் புகார் சொல்லவில்லை. ஒரு பெட்டியும் தொலையவில்லை. ஆகவே என் வேலையையும் அறையையும் திருப்பித் தர வேண்டும். திங்கட்கிழமை வேனுக்கு நான் தயார். மாமாவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் மடங்கட்டும், உங்கள் டயர்கள் ஒருநாளும் பஞ்சராகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்
லுதிவீன்

பின்குறிப்பு: மேலே கேட்ட எதுவும் வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்னால் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தெல்மாஸ் அம்மாள் வாங்க மறுத்துவிட்டார். "நாங்க ஃபிர்மானோடவே போறோம். பயணக் காசு முழுசும் குடுத்தாச்சு, அத உன் பேருக்கு மாத்தச் சொல்றேன், நீ போயிட்டு வா" என்றார். இதை மோன்பாரில் ஒரு மதகுத் திண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆக, இப்போது நான் உங்கள் வாடிக்கையாளர். பயணத்தோடு பெட்டி கொண்டு சேர்க்கும் வசதியும் உண்டு என்று உங்கள் விளம்பரத்தில் அச்சடித்திருக்கிறது. என் துணிமணி எல்லாம் நீங்கள் காலி செய்யச் சொன்ன அறையில் கிடக்கிறது. மூட்டை கட்டி, நாளை மாலைக்குள் பூயி விடுதியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். காலையிலிருந்து கூப்பிடுகிறேன், மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. யார் கொண்டு வருகிறீர்கள், அத்தை? சொல்லுங்கள்.