முழங்காலில் கடற்பாசி

கடைசியாக என் மனைவியை உயிரோடு கண்டபோது அவள் கட்டிலில் சாய்ந்தபடி, "இஞ்சேருங்கோ, சேர்ட்டை உள்பக்கம் வெளியாலை போட்டிருக்கிறீங்கள்" என்றாள். சிரித்தாள். மறுநாள் இல்லை.

ஒரு வருடம் முடிய வரும் அவளுடைய ஆட்டைத் திவசத்துக்கு வாழையிலை வாங்கத்தான் அன்று இங்கே ஃபாரஸ்ட் கேட்டிலுள்ள தமிழ்க் கடைக்குப் போனேன்.

இலைக்கட்டு முகத்தை மறைத்தது. நடைபாதை விளிம்பு தெரியாமல் தடுக்கி விழுந்தேன். இலைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முழங்கால்தான் தோல் உரிந்தது.

திவசத்தன்று ஐயருக்கு முன்னால் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருக்கவேண்டியவன் நான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேறு ஆளும் இல்லை.

கிளினிக்கில் நேர்ஸ் வெள்ளைப் பஞ்சு போல ஒன்றை வைத்துக் கட்டினாள். கடற்பாசியில் செய்ததாம். புண்ணின் ஈரத்தில் ஜெல்லி மாதிரி ஆகுமாம்.

அதை அப்படியே மேல்வீட்டுச் செல்வராசா அண்ணையிடம் சொன்னேன். அவர் ஜேர்மனியில் பல வருடம் இருந்து வந்தவர். நாம் சொன்னதை அடுத்த நாள் நமக்கே விளங்கப்படுத்துவார்.

சனிக்கிழமை குளிக்கும்போது கட்டுக் கழன்றுவிட்டது. கிளினிக் பூட்டு. அண்ணையிடம் புலம்பினேன்.

"கடற்பாசிதானே? எங்கடை ஃப்ரிட்ஜுக்கையே கிடக்கு."

கொண்டுவந்தார். யாரோ ஒரு பிள்ளையின் பேர்த்டேக்கு அவர் மனைவி சீனி போட்டுக் காய்ச்சி, சாய்சதுரமாக வெட்டிய கடற்பாசி இனிப்பு. ரோசா நிறம்.

நேர்ஸ் வைத்தது வெள்ளை என்றேன்.

"கிளினிக்கிலை அவை கலர் போடேல்லை. அவ்வளவுதான்."

அது எனக்கும் சரியாகவே பட்டது. ஒரு துண்டை முழங்காலில் வைத்துச் சுற்றிக் கட்டினார். குளிர்ச்சியாக, சுகமாக இருந்தது. மிச்சத்தை இருவரும் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை நேர்ஸ் கட்டை அவிழ்த்தாள். பின்னால் நகர்ந்தாள். போய் டொக்டரைக் கூட்டிவந்தாள்.

டொக்டர் குனிந்து பார்த்தார். பிறகு மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். வனிலாவா என்று கேட்டார். ரோஸ் எசன்ஸ் என்று திருத்தினேன்.

நீங்கள் வைத்த அதே கடற்பாசிதான், இது வீட்டில் செய்தது என்றும் சொன்னேன். சீனி போட்டதா என்று நேர்ஸ் கேட்டாள். அளவாகத்தான் என்றேன்.

கழுவித் துடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். புண் பழுதாகிவிட்டதாம். இரண்டு கிழமைக்கு முழங்காலை மடக்கவே கூடாதாம். திவசம் அதற்குள் வருகிறது. மடக்கத்தான் வேண்டும் என்று எவ்வளவோ மன்றாடினேன். அவர்கள் அசையவில்லை.

ஐயருக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"காலை நீட்டிக்கொண்டு இருங்கோ. ஆனா என்ரை பக்கம் நீட்டாதேங்கோ."

காலைச் சுவர்ப் பக்கம் நீட்டி, கழுத்தை ஐயர் பக்கம் திருப்பி, அவளுக்குச் செய்யவேண்டியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்து முடித்தேன்.

புண் ஆறிவிட்டது. கழுத்துப் பிடிப்பு இன்னும் இருக்கிறது.