கதிரவெளியில் நடக்காத விழா

நான் எழுதிப் பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்த முதல் செய்தி முழுப் பொய். வேண்டுமென்று செய்யவில்லை. பயத்தில் செய்தேன்.

யுத்தம் முடிந்த கையோடு மட்டக்களப்பில் ஓர் அரச அலுவலகத்தின் ஊடகப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். மகளுக்கு எட்டு மாதம். கணவருக்கு நிலையான வேலை இல்லை. பயிற்சி முடிவில் அதிகாரி நல்ல அறிக்கை தந்தால் எனக்கு நிரந்தர வேலை. அதனால் எதையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். (கதவைப் பூட்டினேனா என்று பார்க்கப் பாலத்தின் நடுவிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியவள் நான்.)

சுனாமியில் தோணிகளை இழந்து, பிறகு யுத்தத்தில் ஊரையே விட்டோடித் திரும்பியிருந்த கதிரவெளி மீனவர்களுக்கு அமைச்சர் புதிய தோணிகள் வழங்க வருகிறார் என்றார்கள். என் முதல் பெரிய விழா! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செய்தியை முதல்நாளே எழுதிவைத்து, விழா முடிந்ததும் அனுப்புவது எங்கள் வழக்கம். பயனாளிகள் பட்டியலில் முதலாவதாக இருந்த தம்பிராசா என்பவரை ஆனந்தக் கண்ணீர் வடிக்கவும் வைத்தேன்.

நாளைக்கு மகளுக்குக் காய்ச்சல் வந்தால்? மின்சாரம் நின்றால்? யோசித்து யோசித்து, அன்று மாலையே பத்திரிகைகளுக்குத் தொலைநகலில் அனுப்பிவிட்டேன். ‘விழா முடிந்த பின் பிரசுரிக்கவும்’ என்று தனித்தாளில் பெரிதாக எழுதி முதலில் வைத்தேன். இயந்திரத்தில் அந்தத் தாளை மட்டும் எழுத்துள்ள பக்கத்தை மாற்றி வைத்துவிட்டேன். அவர்களுக்குப் போனது ஒரு வெள்ளைத்தாளும் ஆனந்தக் கண்ணீரும்.

காலையில் அமைச்சருக்குக் கொழும்பில் அவசரக் கூட்டம். விழா தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. பத்திரிகையிலோ அது கோலாகலமாக நடந்து முடிந்திருந்தது.

மத்தியானம் ஒரு மெலிந்த மனிதர் பத்திரிகையோடு வந்து நின்றார்.

“ஆரு மகள் இத எழுதின?”

“நான்தான் ஐயா.”

“நான்தான் தம்பிராசா. சுனாமியில தோணி போனப்பயும் அழாத ஆள். இப்ப ஊர்ச்சனமெல்லாம் சிரிக்குது. சரி, அழுதனெண்டே வைச்சுக்கொள்ளுவம். தோணி எங்க?”

அதிகாரி வெளியே வந்து பத்திரிகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நிரந்தர வேலை, மகளின் பால்மா எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவர் கொழும்பில் அமைச்சரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

“சேர், விழா பேப்பரில நடந்திட்டுது சேர்.”

மறுமுனையில் கணக்குப் போட்டார்கள். செய்தி பொய்யென்று அறிவித்தால் அமைச்சருக்கு வெட்கம். தோணிகளைக் கொடுத்துவிட்டால் அது உண்மையாகிவிடும். “குடுத்திடுங்க” என்று பதில் வந்தது.

அன்று பின்னேரமே, விழாவுக்காக வாழைச்சேனையில் காத்துக்கிடந்த தோணிகள் லொறி ஏறின! நானும் கமராவோடு தொற்றிக்கொண்டேன். கதிரவெளிக் கரையில் ஒரே ஆரவாரம். தம்பிராசா தன் தோணியை முன்னும் பின்னும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, படத்துக்கு ஒருக்காக் கண்ணக் கசக்குங்களன்” என்றார் அதிகாரி.

“நான் பேப்பரில அழுது முடிச்சிட்டன் சேர். இனி ஏலாது.”

என் பயிற்சி அறிக்கையில் அதிகாரி ஒரே வரிதான் எழுதினார்: “நிகழ்வு நடக்குமுன்பே செய்தியை முடிக்கும் வேகம் உள்ளவர்.” வேலை கிடைத்தது. (பாராட்டா, எச்சரிக்கையா என்று இன்னும் யோசிக்கிறேன்.)

வீட்டில்தான் தப்ப முடியவில்லை. “சோறு ஆகிட்டுது, வாங்க” என்று தொலைபேசியில் சொன்னால், “அரிசி கழுவியாச்சா?” என்று கேட்பார் கணவர். போன கிழமை, இப்போது பள்ளிக்கூடம் போகும் மகளிடம், “பாடமெல்லாம் படிச்சிட்டியா?” என்றேன்.

“ஓம் அம்மா,” என்றாள், புத்தகப்பையைத் திறக்காமலே. “நாளைக்குப் படிச்சிட்டன்.”