பரிசத்தில் நான் வைத்த ஒப்பாரி

பரிசம் போடுகிற வீட்டில் யார் யார் அழலாம் என்று எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பெண்ணைப் பெற்றவள் அழலாம். பெண்ணும் மேக்கப் கலையாத அளவுக்குக் கண்ணை ஒற்றிக்கொள்ளலாம். பின்கட்டில் வெங்காயம் நறுக்குகிறவர்களை யாரும் கேட்கப் போவதில்லை. மாப்பிள்ளையின் அக்கா மட்டும் அழவே கூடாது. நான் அழுதேன். அதுவும் மைக் இல்லாமலே அடுத்த வரிசை வீடுகளுக்குக் கேட்கும்படி அழுதேன்.

அப்போது நான் தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பல மாதங்களாக எனக்கு என்னவோ ஆகியிருந்தது. காலையில் எழுந்து பல் துலக்கினால் போதும், ஒரு ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்த்த களைப்பு வந்துவிடும். முடி சீப்போடு வந்தது. உருக்கமான தீபாவளி விளம்பரம் பார்த்து அழாத மலேசியர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் அழுதது தரை துடைக்கும் திரவத்தின் விளம்பரத்துக்கு. (தரை பளிச்சென்று ஆகிவிட்டதே என்று அழுதேனோ, என்னவோ.) கூட வேலை செய்கிற பெண்கள் மேல் காரணமே இல்லாமல் எரிந்து விழுவேன். விழுந்த கையோடு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். எதற்குமே அர்த்தமில்லை என்று தோன்றியது. அதை யாரிடமாவது சொல்லலாம் என்றால், சொல்லவும் தெம்பில்லை. பயமாக இருந்தது.

அம்மா கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினார். தம்பி தினேஷ், "அக்காவுக்குத் திமிரு ஏறிப்போச்சு" என்று ஒரே வரியில் முடித்தான். நானும் மனதுக்குள் அவன் கட்சிதான்.

அந்த தினேஷுக்குத்தான் பரிசம். பெண் ஷாமினி, ஊர் லாயாங் லாயாங். காதல். பெண்ணின் அப்பா சுலபத்தில் சம்மதிக்கவில்லை. இவன் கெஞ்சிக் கூத்தாடி, எங்கள் மாமாக்கள் எல்லாம் பேசிப் பேசி, ஒருவழியாகத் தலையை ஆட்டியிருந்தார். அந்தத் தலை மறுபடியும் வேறு பக்கம் ஆடிவிடக் கூடாதே என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே கவலை.

குளுவாங்கில் எங்கள் வீட்டு வாசலில் கார் ஏறும்போதே அம்மா எச்சரித்தார். "அங்க வந்து மூஞ்சத் தூக்கி வச்சிக்காத. பொண்ணுக்குப் பூ வைக்கறது நீதான். சிரிச்ச மாதிரியே இரு."

வழியெல்லாம் கார்க் கண்ணாடியில் சிரித்துப் பழகினேன். (பார்த்தவர்களுக்குப் பல்வலி என்றுதான் தோன்றியிருக்கும்.)

நல்ல உச்சி வெயில். வாசலில் கூடாரம் போட்டு, ஆளுயர மின்விசிறிகளை வைத்திருந்தார்கள். ஊரே வேர்த்து வழிந்தபோது நான் மட்டும் பட்டுச்சேலைக்கு மேல் சுவெட்டர் போட்டுக்கொண்டு வெடவெடத்தேன். அந்தக் கோலத்தைப் பார்த்த வீடியோக்காரர் கேமராவை ஒரு முறை இறக்கிவிட்டு, பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு தூக்கினார்.

ஷாமினி மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். மல்லிகைச் சரத்தை அவள் கொண்டையில் குத்தினேன். அவள் நிமிர்ந்து, மெதுவாக, "தேங்க்ஸ் கா" என்றாள்.

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்ததோ, ஓவென்று ஓர் ஒப்பாரி. நிறுத்தப் பார்த்தேன், இன்னும் சத்தமாக வந்தது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

பெண்ணின் அப்பா எழுந்தார். "அக்காவுக்கு இஷ்டம் இல்ல போல. இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க லா. தட்டு இன்னும் மாத்தல."

தினேஷின் முகம் வெளுத்துவிட்டது. என்னால் அவன் கல்யாணம் நின்றுவிடப் போகிறது என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. சமாதானமாக இரண்டு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது கோபம்.

"இஷ்டம் இல்லாமலா இந்த வெயில்ல சுவெட்டர் போட்டுக்கிட்டு வந்து நிக்கறேன்? ஏன் அழறேன்னு எனக்கே தெரியல. மொதல்ல அந்த ஃபேன மூடுங்க. குளிருது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஷாமினியின் அம்மா பத்மா அத்தைதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து விசிறியை நிறுத்தினார். என் கழுத்தையே உற்றுப் பார்த்தார்.

"எந்நேரமும் குளிருதா? முடி கொட்டுதா?"

தலையாட்டினேன்.

"சும்மா சும்மா அழுக, கோவம்? செத்துப்போன மாதிரி அசதி?"

அதற்கும் ஆட்டினேன். அத்தை கணவர் பக்கம் திரும்பினார். "மீன் கொழம்ப சட்டியோட லோங்காங் சாக்கடையில வீசுனேனே, நெனப்பு இருக்கா?"

"இருக்கு" என்றார் அவர், உட்கார்ந்துகொண்டே. "நல்ல மீனு."

"அப்பதான தைராய்டுன்னு கண்டுபிடிச்சாங்க? இந்தப் புள்ளயும் ஒரு ரத்தப் பரிசோதன எடுக்கட்டும். தட்ட மாத்துங்க."

அம்மா பதறினார். "என் மவளுக்கு வியாதியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"இருக்கட்டும்மா" என்றேன். பரிச வீட்டில் தனக்கு வியாதி இருக்கட்டும் என்று இவ்வளவு ஆசையாகச் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திமிர் இல்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்க எனக்கு அவ்வளவு ஏக்கம்.

ரத்தப் பரிசோதனையில் அத்தை சொன்னதே சரியென்று வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே என் தைராய்டு சுரப்பியைத் தாக்கிக்கொண்டிருந்தது. மனச்சோர்வுக்கும் இதில் பங்குண்டு என்று கிளினிக் டாக்டர் சொன்னார். "மாத்திரை மெதுவாத்தான் வேலை செய்யும். அதுக்கப்புறமும் மனசு பாரமா இருந்தா மறைக்காம வந்து சொல்லுங்க."

ஒரே நாளில் விடிந்துவிடவில்லை. நடுவில் ஒரு முறை அழுதுகொண்டே அவரிடம் போய் நின்றேன், அளவைக் கூட்டினார். தினமும் காலையில் பத்மா அத்தை போன் செய்வார். "மாத்திர போட்டாச்சா? ஒடனே பசியாறிடாத. கொஞ்சம் பொறு."

பிறகு ஒரு நாள், தொழிற்சாலை லைனில் யாரோ சொன்ன மொக்கை ஜோக்குக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. தினேஷின் கல்யாணத்தில் உறுமி மேளத்துக்கு முன்னால் நான் ஆடிய ஆட்டத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் மண்டபத்துக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றது. அன்றைக்கு என்னைப் போல் சந்தோஷமாக இருந்தவர் அங்கே யாருமில்லை, மாப்பிள்ளை உட்பட.

இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. தினேஷும் ஷாமினியும் நன்றாக வாழ்வதைப் பார்த்து, நான் அழுதது ராசி என்று இரண்டு குடும்பமும் முடிவு கட்டிவிட்டது. போன மாதம் ஷாமினியின் சித்தி மகளுக்குப் பரிசம். பூ வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். குத்தி முடித்ததும் கூட்டமே என் முகத்தைப் பார்த்தது. வீடியோக்காரர் கேமராவோடு கிட்டே வந்துவிட்டார்.

"கொஞ்சம் அழு கா, ப்ளீஸ் லா" என்றான் தினேஷ்.

முயன்றேன். ஒரு சொட்டு வரவில்லை.

ஷாமினியின் அப்பா எழுந்தார். "அந்த ஃபேன அக்கா பக்கம் திருப்புங்க. தன்னால வரும்."

"இன்னும் வேகமா வைங்க மாமா" என்றேன். "வேர்க்குது."