மாடி பஸ் கேட்ட மனு

குன்னூரில் பொம்மைக்காரர் கைபடாத மனுவே கிடையாது. அவர் கைபட்டு மானமாகப் போய்ச் சேர்ந்த மனுவும் கிடையாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு.

அவர் பேர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டு ஓரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு ஆள் உள்ளே போகவேண்டும் என்றால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டும். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நடுவில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு அவர். எதை டைப் அடிக்கக் கொடுத்தாலும் ஓரத்தில் ஒரு பொம்மைப் படம் வைத்துத்தான் தருவார். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க மனு கொடுத்தாலும் படம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் படம்.

கம்ப்யூட்டரில் மூட்டை மூட்டையாகப் படம் சேர்த்து வைத்திருந்தார். அதில் திருப்தியான படம் இல்லையென்றால் நெட்டில் தேடுவார். மூடுபனி இறங்கினால் எங்கள் ஊரில் சிக்னல் போய்விடும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இவர் கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டு இருப்பார். வாசலில் நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு இருப்போம்.

"ஏனுங்க, படம் எதுக்குங்க? எழுத்து இருந்தா பத்தாதா?" என்று ஒரு நாள் கத்தினேன்.

"வெறும் எழுத்து மூஞ்சி இல்லாத ஆளு மாதிரிங்க அம்மணி. யாரு திரும்பிப் பாப்பாங்க?" என்றார்.

சரி, படமாவது பொருத்தமாக இருக்குமா? அவரிடம் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரர்கள். டை கட்டியிருப்பார்கள், கை குலுக்குவார்கள், காரணமே இல்லாமல் சிரிப்பார்கள். எங்கள் தேயிலை ஃபேக்டரியில் மூட்டை தூக்கும் ரங்கன் வயிற்றுவலிக்கு லீவ் லெட்டர் அடிக்கப் போனான். இவர் வயிறு என்று தேடி, ஒரு குண்டு வெள்ளைக்காரன் முழுக்கோழியை முன்னால் வைத்துக்கொண்டு நாக்கைச் சுழற்றும் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். மேனேஜர் படத்தைப் பார்த்தார், ரங்கனைப் பார்த்தார். "இவ்வளவு தின்னா வலிக்காம என்னய்யா செய்யும்?" என்று லெட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சிறுத்தை நடமாடுகிறது, ஜாக்கிரதை என்று எஸ்டேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அதுவும் இவர் அடித்ததுதான். கழுத்தில் ரிப்பன் கட்டிய சிறுத்தைக் குட்டி ஒன்று கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஃபேக்டரி வாசலுக்கு வந்து, "எப்பங்க வரும்?" என்று கேட்டுக்கொண்டு நின்றன.

எல்லாவற்றையும் மிஞ்சியது ஒரு பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை. செத்துப்போனவர் வாட்ச்மேன். பத்திரிகையின் தலைப்பில் ஒரு ஆள் வாயைப் பிளந்து குறட்டை விட்டுத் தூங்குகிறான். மூத்த மகன் சட்டையை மடித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டான். அவன் அம்மாதான் பத்திரிகையை வாங்கிப் பார்த்து, "விடுடா. ட்யூட்டியில உங்கப்பன் இப்படித்தான் இருப்பாரு" என்று தடுத்தது.

படம் வைப்பது லேசான வேலையும் இல்லை. படத்தை உள்ளே விட்டதும் எழுத்தெல்லாம் பயந்ததுபோல் அடுத்த பக்கத்துக்கு ஓடும். அவர் படத்தைப் பிடித்து இழுப்பார். அது எழுத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மூலையைப் பிடித்து இழுத்தால் வெள்ளைக்காரன் மூங்கில்போல் நீளுவான், இல்லாவிட்டால் பூசணிக்காய்போல் அமுங்குவான். கடைசியில் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்தில் அனாதையாகக் கிடக்கும். "அது அங்கயே இருக்கட்டுங்க, காத்தோட்டமா இருக்குது" என்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம் நான் ஏன் போனேன்? வேறு வழி இல்லை, அதனால் போனேன்.

மழையில் ரோடு சரிந்தபோது எங்கள் லைனுக்கு வரும் சாயங்கால பஸ்ஸை நிறுத்தினார்கள். ரோட்டைச் சரி பண்ணிவிட்டார்கள். பஸ்ஸை மட்டும் விடவில்லை. என் மகள் சுகன்யா அப்போது குன்னூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். மெயின் ரோட்டில் இறங்கி, தேயிலைக் காட்டுக்குள் ஏறி நடந்து வரவேண்டும். ஒரு நாள் பாதை நடுவில் காட்டெருமை நின்றது. அது நகர்கிற வரைக்கும் இவள் பாறை மேல் ஏறி உட்கார்ந்திருந்து, இருட்டியபின் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். "படிச்ச வரைக்கும் போதும். இந்த மாசத்தோட நிறுத்திரு. பஸ் வந்தா அப்பறம் பாக்கலாம்."

அவருக்கும் பயம்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தடவை நிறுத்தின படிப்பு திரும்ப ஆரம்பித்ததை எங்கள் லைனில் நான் பார்த்ததே இல்லை.

பஸ் ஆபீஸுக்குக் கையால் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தேன். வாங்கினவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டைப் அடித்துக் கொடு, மதிப்பார்கள் என்றார்கள். லைனில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொம்மைக்காரரிடம் போனேன்.

"இங்க பாருங்க, படம் கூடாது. ஒரு புள்ளிகூட கூடாது."

"ஒரு சின்ன ரோஜாப்பூ?"

"கூடாது."

"ஓரத்துலயாச்சும் ஒரு கோலம் மாதிரி..."

"எம்புள்ள படிப்புங்க இது. விளையாடாதீங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "சரிங்க அம்மணி" என்றார். நான் கேரட் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் மனுவைக் கவரில் போட்டு ஒட்டியே வைத்துவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதில் வந்தது. 'தங்கள் மனுவில் கோரியுள்ளபடி மலைப்பாதையில் மாடிப் பேருந்து இயக்க இயலாது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.'

படிக்கப் படிக்க எனக்குக் காது சூடாகிவிட்டது. கடைக்குப் போனேன். போன வேகத்தில் உள்ளே இருந்த ஆள் தானாக வெளியே வந்துவிட்டார். என்ன படம் போட்டீர்கள், எடுங்கள் என்றேன். எடுத்தார். பாதிப் பக்கத்துக்கு ஒரு சிவப்புப் பஸ். லண்டன் பஸ். மாடி மேல் தொப்பி போட்ட துரைமார் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே எங்கள் மனு, இடம் இல்லாமல் எறும்புமாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது.

"யோவ், உனக்குப் புத்தி இருக்கா? நம்ம வளைவுல இது திரும்புமா? எம்புள்ளைக்குப் படிப்பு போச்சுய்யா!"

கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். "அந்தப் படத்துல ஒருத்தரும் நின்னுக்கிட்டுப் போகலைங்க. எல்லாருக்கும் சீட்டு இருந்துச்சு. உங்க புள்ளயும் உக்காந்து வரட்டுமேன்னு போட்டுட்டேன்."

பஸ் ஆபீஸ் கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, முன்ன ரெண்டு மனுவுக்கும் பதிலே போடல இல்லீங்க? இதுக்குப் போட்டிருக்காங்க. அப்பப் பாத்திருக்காங்க. வாங்க போலாம்." கடையைப் பூட்டிவிட்டு எனக்கு முன்னால் படி இறங்கினார்.

பஸ் ஆபீஸில் நுழைந்ததும் ஒருத்தன் கத்தினான். "சார், மாடி பஸ் பார்ட்டி வந்துட்டாங்க!" ஆபீஸே எழுந்து நின்று சிரித்தது. படத்தைக் கத்தரித்துச் சுவரில் வேறு ஒட்டி வைத்திருந்தார்கள். மேலதிகாரி அவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் விடவில்லை.

"சிரிச்சது போதுங்க சார். மாடி வேண்டாம். சீட்டு கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, கூரை ஒழுகினாலும் பரவால்ல. சாயங்காலம் ஒரு பஸ் விடுங்க. இல்லீன்னா எம்புள்ள காட்டெருமை நிக்கற வழியில நடந்து வரணும், இல்ல படிப்பை விட்டுட்டு ஊட்டுல உக்காரணும். ரெண்டுல எதுன்னு நீங்களே எழுதிக் குடுங்க."

சிரிப்பு நின்றது. மேலதிகாரி உட்காரச் சொன்னார். சோதனைக்கு ஒரு மாசம் விடுகிறேன், ஆள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்றார்.

பஸ் வந்தது. ஆள்தான் வரவில்லை. பஸ் நின்றுபோனதிலிருந்து எல்லாரும் ஷேர் ஜீப்புக்குப் பழகிவிட்டார்கள். சுகன்யாவும் இன்னும் நாலைந்து பேரும்தான். பொம்மைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, டீக்கடை டீக்கடையாக நோட்டீஸ் ஒட்டினார். 'மாலை பேருந்து மீண்டும் இயங்குகிறது, அனைவரும் வருக.' மேலே ஒரு பெரிய ஆகாய விமானம்.

"பஸ் படம் போட்டாத்தான் திட்டறீங்களே" என்றார்.

விமானத்தைப் பார்த்துச் சிரிக்க வந்த கூட்டத்தில் பாதி பஸ்ஸில் ஏறியது. அதோடு அவரும் தினம் ஏறினார். அவர் வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. எங்கள் லைன் வரைக்கும் வந்து, அதே பஸ்ஸில் திரும்பிப் போவார். கேட்டால் காத்து வாங்க வந்தேன் என்பார். குன்னூரில் கிடைக்காத காத்து எங்கள் லைனில் மட்டும் என்ன கிடைக்கிறது?

ஒரு மழை நாளில் பஸ் எங்கள் லைனில் வந்து மக்கர் பண்ணி நின்றுவிட்டது. இவர் வெறும் சட்டையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். நன்றாகத் திட்டினேன். திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய், என் வீட்டுக்காரருக்குப் பின்னி வைத்திருந்த புது ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

மாசம் முடிந்தது. பஸ் நிற்கவில்லை, இன்னும் ஓடுகிறது. சுகன்யா படிப்பை முடித்து, இப்போது கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொம்மைக்காரர் கடையைக் கொடுத்துவிட்டுத் திருப்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கேயும் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் திரிகிறாராம். அந்த வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு, பைத்தியமா என்று போனில் கத்தினேன்.

முழங்கை கிழிந்துவிட்டது என்றார். போன வாரம் புதுசு ஒன்று பின்ன ஆரம்பித்திருக்கிறேன்.