ஷெஃபிகா ஊற்றிய இதயம்

த்ராவ்னிக் மலைச்சாலையில் கார்கள் வரிசைகட்டி நின்றன. பாதிக்கு ஜெர்மன் எண் பலகை. ஜெர்மனியில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளை விட்டுவிட்டு, ஈயம் ஊற்றி நோய் தீர்க்கிற ஷெஃபிகாவின் சமையலறையைத் தேடி வந்திருந்தார்கள். வராமல் இருப்பார்களா? டாக்டர் ஓட்டையைக் காட்டத்தான் செய்வார். ஷெஃபிகா அடைத்தே அனுப்புவாள்!

ஐந்தாம் மாத ஸ்கேனில் மெலிஹாவின் குழந்தைக்கு இதயத்தில் பெரிய ஓட்டை, ரத்தக்குழாயிலும் கோளாறு என்று தெரிந்தது. பிரசவம் சரயேவோவில்தான், பிறந்ததும் அறுவை சிகிச்சை என்றார் டாக்டர். அன்றோடு மெலிஹா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மாமியார் நஸிஃபா அதையும் சேர்த்துப் பேசினாள். கடைசியில் இங்கே இழுத்துவந்தாள்.

மெலிஹாவின் தலைமேல் மெல்லிய சிவப்புத் துணியைப் போர்த்தி, உருக்கிய ஈயத்தைத் தண்ணீர்ச் சட்டியில் ஊற்றினாள் ஷெஃபிகா. உஸ்ஸ்! சல்லடைபோல் ஒரு துண்டு.

“பாருங்கடி, பிள்ளையோட இதயம்! யாரோ கண்ணு வெச்சிருக்காங்க.”

இரண்டாம் முறை ஓட்டைகள் குறைந்தன. மூன்றாம் முறை வழவழவென்று உருண்டை.

“அடைஞ்சிருச்சு! இனிமே ஸ்கேன் பக்கமே போகாத. அந்த மெஷின் பட்டா மறுபடி திறந்துக்கும்.”

என்ன சௌகரியமான நோய்! சரிபார்க்கப் போனால் மட்டும் திரும்பி வரும்.

கூட்டம் கண்ணீர் விட்டது. மெலிஹாவும் நம்பத்தான் ஆசைப்பட்டாள். வெகுநேரம் அந்த மூன்று துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஈயம் நெற்றி உயரத்திலிருந்து விழுந்தது. கடைசி முறை கரண்டி தண்ணீரைத் தொட்டுக்கொண்டல்லவா இருந்தது?

“ஷெஃபிகாம்மா, நான் ஒரு தடவை ஊத்திப் பாக்கட்டுமா?”

“உனக்கெதுக்குடி? உனக்குத்தான் சரியாயிடுச்சே.”

“எனக்கில்ல. உங்க பூனைக்கு.”

கூட்டம் சிரித்தது. நாற்காலியில் தூங்கிய கடுவன்மேல் துணியைப் போட்டு, மெலிஹா முதலில் தாழ்வாக ஊற்றினாள். அழகான உருண்டை. அடுத்து உயரத்திலிருந்து. சல்லடை.

“ஐயோ பாவம்! நல்லா இருந்த பூனை. வைத்தியம் பாத்து ஓட்டை விழுந்துருச்சு!” என்றாள் மெலிஹா.

“நீ மந்திரம் சொல்லலையே!” என்று சீறினாள் ஷெஃபிகா.

“அப்ப நீங்க சொல்லுங்க. நான் ஊத்துறேன்.”

ஷெஃபிகா மந்திரத்தை முணுமுணுத்தாள். மெலிஹா கையை உயர்த்தினாள். மறுபடி சல்லடை. ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர், கிளம்பலாம் என்பதுபோல், மனைவியின் மேல்கோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“அப்போ நம்ம பிள்ளைக்கு ஓட்டை…?” என்றாள் நஸிஃபா.

“அப்படியேதான் இருக்கு, அத்தை.” மெலிஹா கரண்டியைக் கீழே வைத்தாள். “நாளைக்கு மறுபடி ஸ்கேன். கூட வர்றீங்களா?”

நஸிஃபா முதன்முறையாக ஒன்றும் பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஈயத்துக்கு இதயமும் தெரியாது, பூனையும் தெரியாது. உயரத்திலிருந்து விழுந்தால் சிதறும், அவ்வளவுதான். சிதறியதைக் கும்பிடுவதற்கு முன்னால், ஊற்றுகிற கையைக் கொஞ்சம் பாருங்கள், மகாஜனங்களே!